உணவியல் நிபுணருக்கு என்ன வேலை என்று எழுதுங்கள்

தனியார் மருத்துவமனைகளில் டயட்டீஷியனுக்குக் கொடுக்கும் பணி நியமன ஆணை பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. பதவி, சம்பளம், தகுதிகாண் பருவம், வேலையை விடுவதானால் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். என்ன வேலை என்பதற்கு மட்டும், ‘நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகள்’ என்று ஒரு வரி. அந்த வரிக்குள் எதை வேண்டுமானாலும் திணிக்கலாம், திணிக்கவும் செய்கிறார்கள். காலையில் வார்டு ரவுண்ட்ஸ், அது முடிவதற்குள் காய்கறி லோடு சரிபார்ப்பு, மதியம் கேன்டீன் டோக்கன் கணக்கு, மாலையில் எடைக்குறைப்பு பேக்கேஜுக்கு ஆள் சேர்க்கத் தொலைபேசி அழைப்புகள். ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கும் முன்னால் திருத்த வேண்டியது இந்த வரியைத்தான் என்பேன். இதனால் அடிபடுவது ஊழியர் மட்டுமல்ல, நோயாளியும்தான்.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொந்தக்காரர்கள் வாங்கிவரும் இளநீர் அவருக்கு ஆகாது. சோடியம் குறைவு என்று கடையில் விற்கும் மாற்று உப்பும் ஆகாது. அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடைத்தான். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டச் சொல்லி டயட் சார்ட்டில் எழுதிவிடலாம். ஆனால், வார்டு முழுவதற்கும் ஒரே அண்டாவில் சாம்பார் கொதிக்கும் சமையற்கட்டில் அதை யார் தனியாகச் செய்வது? செய்தார்களா என்று யார் பார்ப்பது? தட்டு வார்டுக்குப் போகுமுன் பார்த்து, தவறாக இருந்தால் திருப்பியனுப்பும் அதிகாரம் இல்லாத டயட்டீஷியன் வெறும் காகிதம் எழுதுபவர். அவரே கேட்டரிங் மேலாளருக்குக் கீழே வேலை பார்த்தால், அந்த மேலாளரின் தட்டை எப்படித் திருப்பியனுப்புவார்? ஆகவே, சிகிச்சை சார்ந்த முடிவுகளில் அவர் மருத்துவக் கண்காணிப்பாளருக்கே பதில் சொல்வார் என்றும், உணவை நிறுத்திவைக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. வழக்கு என்று வரும்போது அவருக்கான காப்பீட்டு பிரீமியத்தை யார் கட்டுவது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுவது நல்லது.

இன்னொன்று விற்பனை இலக்கு. புரோட்டீன் பவுடர் டப்பாக்களின் எண்ணிக்கையில் ஊக்கத்தொகை என்றால், அவர் தரும் ஆலோசனையை எந்த நோயாளி நம்புவார்? இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. விற்பனையோடு சம்பளத்தை இணைக்கக் கூடாது என்று ஒரே வரியில் எழுதலாம்.

முப்பது படுக்கை மருத்துவமனைக்கு இதெல்லாம் கட்டுமா, ஒருவரே நாலு வேலை பார்த்தால்தானே நடத்த முடியும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாலு வேலை பார்க்கட்டும். ஆனால், எந்த நாலு, நாளில் எத்தனை மணி நேரம் வார்டுக்கு என்று ஓர் இணைப்பில் குறித்துவிடலாம். அதற்குக் கூடுதல் செலவு ஒரு தாள்தான். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்ற வாதம் பாதிதான் சரி. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் நியமன ஆணை தந்தாக வேண்டும். இணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையினருக்கான 2021-ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம் உணவியல் நிபுணரைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால், டயாலிசிஸ் வார்டுக்குப் போகும் தட்டைத் தடுக்கும் உரிமை யாருக்கு என்பதை அந்தந்த மருத்துவமனையின் ஒப்பந்தம்தான் சொல்ல முடியும்.

நிர்வாகங்களின் பலமான ஆட்சேபம் வேறு: பயிற்சி கொடுத்து ஆளாக்கினால் ஆறே மாதத்தில் அடுத்த மருத்துவமனைக்குப் போய்விடுகிறார்கள், அதனால்தான் பாண்டு எழுதி வாங்குகிறோம் என்கிறார்கள். மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால், அது பொதுத்துறை வங்கி. திறந்த போட்டி முறையில் மறுபடியும் ஆள் எடுக்க ஆகும் செலவை நீதிமன்றம் அங்கே கணக்கில் எடுத்தது. பயிற்சி என்று தனியாக எதுவும் தராமல் முதல் நாளே வார்டில் இறக்கிவிடும் மருத்துவமனை எந்தச் செலவைக் காட்டும்? விலகிய பின் இதே ஊரில் வேறெங்கும் வேலை பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோ 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் முன் நிற்காது. உச்ச நீதிமன்றம் 1980-லேயே இப்படி ஒரு நிபந்தனையை நடைமுறைப்படுத்த மறுத்திருக்கிறது. உண்மையிலேயே செலவழித்துப் பயிற்சி தந்திருந்தால் தொகையைக் குறித்து, மாதாமாதம் அது குறைந்துகொண்டே வரும்படி எழுதட்டும், ஆட்சேபமில்லை. அசல் சான்றிதழ்களை அலமாரியில் பூட்டிவைத்து ஆளைப் பிடித்துவைக்கும் வழக்கத்துக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. சரிபார்த்த அன்றே திருப்பித் தந்தாயிற்று என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடட்டும்.