கிரீஸ் படாத பொறியாளர்கள்

நான் மெக்கானிக்கல் என்ஜினியர். சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் முப்பத்து மூன்று வயதுவரை ஒரு போல்ட்டை அதற்குரிய இறுக்கத்துக்கு முறுக்கியதில்லை. முதல்முறை முறுக்கியது இங்கிலாந்தில். மென்பொருள் வேலைக்காகப் போயிருந்தபோது, உடன் பணிபுரிந்த ஒருவர் தன் வீட்டு கராஜில் கார் கட்டிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கப் போனவன், எட்டு மாதச் சனிக்கிழமைகளில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகிவிட்டேன்.

அவர் கட்டியது கேட்டர்ஹாம் செவன். 1957ல் லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் கொண்டுவந்த கார் அது. 1973ல் கேட்டர்ஹாம் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் முழுக் காருக்கு அங்கே வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை. ஆகவே பாகங்களாக விற்றார்கள், வாங்கியவர்கள் வீட்டில் பூட்டிக்கொண்டார்கள். பிறகு வரிமுறை மாறியது, பழக்கம் மாறவில்லை. எஃகுக் குழாய்ச் சட்டகம், மேலே அலுமினியத் தகடு, சுசுகியின் 660 சிசி மூன்று சிலிண்டர் என்ஜின். எடை சுமார் 440 கிலோ. நம் பழைய மாருதி 800ஐவிட ஏறக்குறைய 200 கிலோ குறைவு.

நண்பர் படித்தது வரலாறு. ஒருநாள் என் கையில் டார்க் ரெஞ்சைக் கொடுத்தார். "டக்குன்னு சத்தம் வந்தா நிறுத்திடணும்" என்றார். சத்தம் வந்தது. நான் சந்தேகத்தில் இன்னொரு இழுப்பு இழுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்த போல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை எடுத்தார். முறுக்குவிசைக்கான சூத்திரம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

கார் முடிந்ததும் அரசு சோதனைக்குப் போனது. தனி வாகன ஒப்புதல் என்று 2009 முதல் அங்கே ஒரு முறை இருக்கிறது. பிரேக், விளக்கு, புகை, சத்தம், சீட் பெல்ட் எல்லாம் பார்த்தார்கள். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது. 100 மில்லிமீட்டர் உருண்டை ஒன்றை உடலெங்கும் உருட்டி, அது தொடும் விளிம்பெல்லாம் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது மழுங்கியிருக்கிறதா என்றும் பார்த்தார்கள். ஒரு போல்ட் முனையில் கார் தோற்றது. ரப்பர் மூடி போட்டுத் திரும்பக் கொண்டுபோனார், தேறியது. 'நீ யார், என்ன படித்தாய், உன் கம்பெனி எது' என்று யாரும் கேட்கவில்லை. பண்டத்தைச் சோதித்தார்கள். அதுதான் விஷயம்.

இங்கே? வாகனம் தயாரிப்பவர் மாதிரி வண்டியை புனேயின் ஏஆர்ஏஐ போன்ற அமைப்பில் சோதித்துச் சான்று பெறவேண்டும். ஆயிரக்கணக்கில் செய்யும் கம்பெனிக்கு எழுதிய விதி அது. ஒரே ஒரு வண்டி கட்டுபவனுக்கு அதில் இடமில்லை. இருக்கும் வண்டியை மாற்றவும் வழியில்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது.

"நம்ம ரோட்டுல இதெல்லாம் ஆபத்து சார்" என்பீர்கள். ஆபத்துதான். அதனால்தான் சோதனை வேண்டும் என்கிறேன். கையால் கட்டிய வண்டி இப்போதே சாலையில் ஓடுகிறதே! காசிமேட்டில் போய்ப் பாருங்கள். முன்னால் இரண்டு சக்கரம், பலகை, பின்னால் பழைய இருசக்கர வாகனத்தின் என்ஜின். மீன்பாடி வண்டி. அதன் பிரேக்கை எந்த அதிகாரியும் சோதித்ததில்லை. போலீஸ் துரத்தும் அல்லது விட்டுவிடும், அவ்வளவுதான். அதைக் கட்டியவனை யாரும் பொறியாளர் என்பதில்லை.

திறமை இல்லையா என்றால், கோவையில் கரிவர்தன் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். அவர் பெயரில் இருக்கும் ஓடுதளத்தில் இன்று மாணவர்கள் தாங்கள் செய்த கார்களை ஓட்டுகிறார்கள். போட்டி முடிந்ததும் அவை கல்லூரிப் பட்டறைக்குப் பின்னால் துருப்பிடிக்கின்றன. செய்தவர்கள் என்னைப்போல கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆகவே சட்டத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. கையால் செய்பவன் கீழே, தாளில் எழுதுபவன் மேலே என்பது நம் பழைய ஏற்பாடு. சாதி அதைப் பல தலைமுறையாகக் காத்தது, இப்போது பட்டம் காக்கிறது. ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்குச் சந்தனம் வைக்கிறோம். மறுநாள் பிள்ளை அதைத் தொட்டால் பதறுகிறோம்.

என் அப்பா கோவை கணபதியில் லேத் ஓட்டியவர். "நீயாவது கையில அழுக்குப் படாம இருக்கணும்டா" என்றுதான் என்னைப் படிக்கவைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருடம் உழைத்த அந்தக் கைக்கு யாரும் மரியாதை கொடுத்ததில்லை.

காரின் படங்களை அவருக்கு அனுப்பியிருந்தேன். இரவு போன் வந்தது.

"வெல்டு நல்லா விழுந்திருக்கு. யாரு அடிச்சது?"

"கம்பெனிலப்பா. மிச்சமெல்லாம் வீட்லதான்."

"வீட்ல கட்டுன வண்டிக்கு நம்பர் குடுக்கறாங்களா?"

"சோதிச்சுப் பாத்துட்டுக் குடுக்கறாங்கப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "செரி, சாப்ட்டியா?" என்றார்.

ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் ஒரு ஜன்னல் கேட்கிறேன். கட்டியவன் யாரென்று கேட்காமல் வண்டியைச் சோதியுங்கள். தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். எதில் தோற்றது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள், திருத்திக்கொண்டு வருவான்.