பட்டினமும் தலைநகரும்

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களிடையே நெடுநாளாக ஒரு தீர்ப்பு வழங்கிவருகிறது. பார்ப்பதற்குத் துபாய், வாழ்வதற்கு அபுதாபி என்பதே அது. என்னிடம் தமிழ் இலக்கியம் பயின்று, பின்னர் பிழைப்பின் பொருட்டுக் கணக்கியலும் கணினியும் கற்றுக்கொண்டு அங்கே சென்ற மாணவர்கள் விடுமுறைக்கு வரும்போது இதையேதான் சொல்கிறார்கள். துபாயில் வானுயர்ந்த கோபுரங்களும் கடைத்தொகுதிகளும் கண்ணைப் பறிக்கும். ஆனால் கையில் காசு நிற்காது. அபுதாபியில் அமைதி உண்டு, அகலமான சாலைகள் உண்டு, பிள்ளைகுட்டிகளோடு நிம்மதியாக இருக்கலாம். கேட்பதற்குச் சீராக இருக்கும் இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அதைத் தலைகீழாகத் திருப்பிவைப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. பார்க்கத் தகுந்த நகரம் அபுதாபி. வாழத் தகுந்த நகரம் துபாய். இப்படிச் சொல்வதற்கான காரணங்கள் இவ்விரு நகரங்களும் உருவான விதத்திலேயே இருக்கின்றன.

இரண்டுக்கும் இடையே சுமார் 140 கிலோமீட்டர் தூரம்தான். வேரும் ஒன்றுதான். இரு நகரங்களையும் ஆளும் குடும்பங்கள் பனீ யாஸ் என்னும் ஒரே பழங்குடிக் கூட்டமைப்பிலிருந்து வந்தவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கூட்டமைப்பின் தலைமை, லிவா பாலைவனச் சோலையிலிருந்து நன்னீர் கிடைத்த அபுதாபித் தீவுக்கு இடம்பெயர்ந்தது. 1833ஆம் ஆண்டு அவர்களுள் ஒரு பிரிவினர் பிணக்குற்று விலகி, வடக்கே உப்பங்கழியின் கரையில் இருந்த துபாயில் குடியேறினர். இரண்டும் முத்துக்குளித்துப் பிழைத்த ஊர்கள். ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து 1930களில் முத்துச் சந்தையை வீழ்த்தியபோது இரண்டுமே வறுமையில் ஆழ்ந்தன. அந்த வறுமையிலிருந்து மீண்ட வழிதான் வேறு வேறு.

துபாயை மீட்டது கழி. அதற்கு முன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதிரே ஈரானியக் கரையிலிருந்த லிங்கே துறைமுகத்தில் சுங்கவரி அழுத்தியபோது, துபாயின் ஆட்சியாளர் தம் துறையில் வரியை நீக்கி அங்கிருந்த வணிகர்களை அழைத்துக்கொண்டார். பஸ்தக் என்னும் ஊரிலிருந்து வந்தவர்கள் கட்டிய காற்றுக்கோபுர வீடுகள், அல் ஃபஹீதி என்று இன்று வழங்கும் பஸ்தகியா பகுதியில் இன்னும் நிற்கின்றன. 1950களின் இறுதியில் ஷேக் ராஷித், குவைத்திடமும் கடன் பெற்று, மணல் தூர்ந்துகிடந்த கழியை ஆழப்படுத்தத் தொடங்கினார். துபாயில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966இல்தான். அதாவது, எண்ணெய் வருமுன்பே அது துறைமுகமாகிவிட்டது. அந்நாளில் அங்கே செலாவணியாக இருந்தது நம் ரூபாய். துபாய் வழியாக இந்தியாவுக்குக் கள்ளத்தனமாகப் பாய்ந்த தங்கத்தைத் தாங்க முடியாமல்தான் நம் ரிசர்வ் வங்கி 1959இல் வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் துபாய் அந்நியமாகத் தோன்றாததற்கு இந்தக் கடல்வணிகப் பழக்கமும் ஒரு காரணம்.

அபுதாபியை மீட்டது எண்ணெய். ஆங்கிலப் பயணி வில்ஃப்ரெட் தெசிகர் பெரும்பாலையைக் கடந்து 1948இல் அங்கே வந்து சேர்ந்தபோது, அது ஒரு கோட்டையைச் சுற்றியிருந்த சிற்றூர். 1958இல் கடலடியில் எண்ணெய் கிடைத்தது. 1962இல் ஏற்றுமதி தொடங்கியது. 1966இல் ஷேக் ஜாயித் ஆட்சிக்கு வந்தபின், எகிப்திய நகரமைப்பாளர் அப்துல்ரஹ்மான் மக்லூஃப் போன்றோரைக் கொண்டு தீவின் மீது கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து ஒரு நகரத்தை எழுப்பினார். 1971இல் அமீரகக் கூட்டாட்சி உருவானபோது அபுதாபி அதன் தலைநகரானது. இவ்விரு நகரங்களும் தத்தம் போக்கில் வளர்ந்தவை என்பதற்கு ஒரு சிறு சான்று: 1966இல் இந்திய ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதும் அபுதாபி பஹ்ரைன் தினாருக்கு மாறியது, துபாய் கத்தாரோடு சேர்ந்து ரியால் வெளியிட்டது. கூட்டாட்சி அமைந்த பிறகும், 1973இல் திர்ஹம் வரும்வரை, ஒரே நாட்டின் இரு பெருநகரங்களில் இருவேறு நாணயங்கள் புழங்கின.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் புகாரும் மதுரையும் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினம் மொழி வேறுபட்ட பலரும் கலந்து வாழ்ந்த துறை. அங்கே அரசனின் வேலை சுங்க முத்திரையிடுவதும் காவல் காப்பதும். மதுரைக்காஞ்சி காட்டும் மதுரை அரசிருக்கை. அங்கேயும் அங்காடி உண்டு. ஆனால் நகரின் நடுவே நிற்பது கோயில், கோட்டை, கொற்றம். பட்டினத்தை உண்டாக்குபவர்கள் வந்து சேர்கிறவர்கள். தலைநகரை உண்டாக்குவது அரசின் எண்ணம். துபாய்க்கும் அபுதாபிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அரசின் எண்ணத்தால் உருவான ஊரில் பார்ப்பதற்கு நிறைய இருக்கும். அபுதாபியில் இருக்கிறது. 2007இல் திறக்கப்பட்ட ஷேக் ஜாயித் பெரிய பள்ளிவாசல் 82 குவிமாடங்களோடு, ஏறத்தாழ 40,000 பேர் தொழக்கூடிய பரப்போடு, எல்லாச் சமயத்தவரையும் கட்டணமின்றி உள்ளே விடுகிறது. 2017இல் திறந்த லூவ்ர் அபுதாபியில், ஃபிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் நுவேல் 180 மீட்டர் விட்டமுள்ள குவிமாடமொன்றை நீருக்கு மேல் கவிழ்த்திருக்கிறார். ஈச்சங்கீற்றின் ஊடே விழுவது போல வெயில் அதன் ஓட்டைகள் வழியே சொட்டுகிறது. உள்ளே குர்ஆனும் பைபிளும் தோராவும் ஒரே கூடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. தெசிகர் கண்ட அதே கோட்டை, கஸ்ர் அல் ஹுஸ்ன், புதுப்பிக்கப்பட்டு 2018இன் இறுதியில் திறக்கப்பட்டது. 2025 டிசம்பரில் ஜாயித் தேசிய அருங்காட்சியகமும் திறந்துவிட்டது. இவற்றோடு, நகரின் ஓரத்திலேயே படகில் சென்று காணக்கூடிய அலையாத்திக் காடுகள் இருக்கின்றன. மூன்று நாள் தங்கும் பயணிக்கு இதைவிட நிறைவான நகரம் வளைகுடாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

துபாயில் பயணிக்குக் காட்டப்படுவது என்ன? 828 மீட்டர் உயரக் கோபுரம், அதன் அடியில் ஒரு கடைத்தொகுதி, பனை வடிவத்தில் ஒரு செயற்கைத் தீவு. உயரம் என்பது இன்னொருவர் இன்னும் உயரமாகக் கட்டும்வரைக்கும் உள்ள பெருமை. புர்ஜ் துபாய் என்று கட்டத் தொடங்கிய அந்தக் கோபுரம் 2010 ஜனவரியில் திறப்பு விழா மேடையில் புர்ஜ் கலீஃபா ஆனது. கலீஃபா அப்போது அபுதாபியின் ஆட்சியாளர். அதற்கு முந்தைய மாதம்தான் கடனில் மூழ்கிய துபாய்க்கு அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கியிருந்தது. துபாய் உலகுக்குக் காட்டும் முகத்தின் மீது அபுதாபியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. துபாயின் சொந்த முகம் வேறிடத்தில் இருக்கிறது.

அது கழியின் இரு கரைகளில் இருக்கிறது. தேராவிலிருந்து புர் துபாய்க்கு அப்ரா என்னும் மரப்படகில் கடக்க இன்றும் ஒரு திர்ஹம்தான். அதில் பாகிஸ்தானியச் சுமைதூக்குபவரும், ஃபிலிப்பினோ தாதியும், குஜராத்தித் துணிவணிகரும், நம்மூர்க் கணக்கரும் ஒரே பலகையில் அமர்ந்து கடக்கிறார்கள். கரையேறினால் வாசனைப் பொருள் சந்தை, தங்கச் சந்தை, துணிக்கடைகள். கராமாவில் தமிழிலேயே பேசிச் சாப்பிட்டு, தமிழிலேயே முடி வெட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். 2009இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ, கழிக்கு அடியிலும் ஓடுகிறது. கார் இல்லாதவனும் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகலாம். அபுதாபியில் இன்றுவரை மெட்ரோ இல்லை. வேலை போனவனுக்கு, அறையை மாற்ற வேண்டியவனுக்கு, ஊருக்கு அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டியவனுக்கு, யாரையாவது கேட்கலாம் என்ற நம்பிக்கையைத் தருவது இத்தகைய தெருக்கள்தாம். வாழ்வதற்கு ஏற்ற ஊர் என்று நான் சொல்வது இந்த வசதியைத்தான்.

அபுதாபியின் குடியிருப்புக் கட்டங்களுக்குள்ளும் பகாலாக்கள் உண்டு, தேநீர்க் கடைகள் உண்டு, உறவுகள் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் தலைநகரின் திட்டம் மாறும்போது அவை முதலில் போகின்றன. அங்கே எளிய மக்கள் கூடிய பழைய மத்தியச் சந்தை 2000களில் இடிக்கப்பட்டு, நார்மன் ஃபாஸ்டர் நிறுவனத்தின் வடிவமைப்பில் கோபுரங்களோடு கூடிய புதிய சந்தை அவ்விடத்தில் எழுந்தது. அழகாகவே இருக்கிறது, பழைய கூட்டம் இல்லை. கோயில்களிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். புர் துபாயில் பள்ளிவாசலை ஒட்டிய குறுகிய சந்தில், பூக்கடைகளின் நடுவே, அரை நூற்றாண்டுக்கு மேலாக வழிபாடு நடந்துவருகிறது. அபுதாபியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது செதுக்கிய கல்லாலான பெருங்கோயில். ஆனால் அது நகருக்கு வெளியே, நெடுஞ்சாலை அருகே இருக்கிறது. ஒன்றுக்கு வேலை முடிந்து நடந்து போகலாம். மற்றொன்றுக்கு விடுமுறை நாளில் வண்டி ஏற்பாடு செய்துகொண்டு போக வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. துபாயின் வாடகையைக் கொடுக்க முடியாமல் பல்லாயிரம் பேர் ஷார்ஜாவில் தங்கி, காலையும் மாலையும் போக்குவரத்து நெரிசலில் வாழ்நாளைக் கரைக்கிறார்கள். சோனாப்பூர் என்று பொன்னின் பெயரைத் தாங்கிய தொழிலாளர் குடியிருப்பில் இருப்பவருக்கு நான் சொல்லும் கழிக்கரை வாரத்தில் ஒருநாள் காட்சிதான். முஸஃபாவில் இருக்கும் அபுதாபித் தொழிலாளியின் நிலையும் அதுவே. ஆக, இந்த ஒப்பீடு நடுத்தர வருவாய்க்காரனுக்கு மட்டும் உரியது என்று ஒருவர் சொன்னால், பெருமளவு சரி என்றே ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த ஒருநாளில் அவர் போவதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்பதும் ஒரு கேள்விதானே? அங்கே அவர் வேடிக்கை பார்க்க வந்தவரல்லர். அவரைப் போன்றவர்களுக்காகவே கடை விரிக்கப்பட்டிருக்கிறது.

இன்னும் ஆழமான ஒரு தடை இருக்கிறது. இரு நகரங்களிலும் மக்களில் மிகப் பெரும்பான்மையினர் வெளிநாட்டவர். அவர்களுள் பெரும்பாலோரின் குடியிருப்பு உரிமை வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் சில மாதங்களுக்குள் வேறு வேலை, அல்லது விமானம். 2019 முதல் வழங்கப்படும் பத்தாண்டு கோல்டன் விசா, பணமும் உயர்தகுதியும் உடையவர்களுக்கானது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் அது சொந்த ஊர் என்று சட்டம் சொல்லாது. அபுதாபியில் வளர்ந்த மலையாளி எழுத்தாளர் தீபக் உன்னிகிருஷ்ணன் 2017இல் வெளியிட்ட தம் நூலுக்குத் 'தற்காலிக மக்கள்' என்று பொருள்படும் பெயர் வைத்ததன் காரணம் இதுதான். சட்டம் ஊரைத் தர மறுக்கும்போது பழக்கம்தான் அதைத் தர வேண்டும். முப்பது ஆண்டுகள் ஒரே கடையில் தேநீர் குடித்தவனுக்கு அந்தத் தெருவின் மீது ஏதோ ஓர் உரிமை உண்டாகிறது. எந்த ஆவணத்திலும் அது இல்லை, ஆனாலும் உண்டு. பட்டினங்கள் அந்த உரிமையைத் தாராளமாகத் தருகின்றன.

என் கவலையும் இங்கேதான் இருக்கிறது. துபாய் தன்னைத் தானே தலைநகரமாக்கிக்கொள்ளப் பார்க்கிறது. 2008இல் பழைய சத்வாவின் வீடுகள் ஒரு பெருந்திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. அடுத்து வந்த நிதி நெருக்கடிதான் அந்த இடிப்பை நிறுத்தியது. 2025 ஜூனில் தேரா, சத்வா பகுதிகளில் பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட அறைகளை நகராட்சி கண்டறிந்து அகற்றத் தொடங்கியது. தீ விபத்தைத் தடுக்க வேண்டும் என்ற காரணத்தில் நியாயம் உண்டு. அத்தகைய அறையில் மனிதர் வாழக்கூடாது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அங்கிருந்து கிளம்பியவர்களுக்கு அதே தெருவில், அதே வாடகையில் வேறிடம் எங்கே? அவர்கள் போய்விட்டால் தேநீர்க் கடையும் போகும், முடிதிருத்தகமும் போகும். மிஞ்சுவது பார்ப்பதற்கான துபாய் மட்டுமே. பார்ப்பதில்தான் அபுதாபி அதை ஏற்கெனவே வென்றுவிட்டதே!

ஆகவே, பத்து நாள் விடுப்பில் போகிறவர்களுக்கு நான் சொல்வது: அபுதாபிக்கு மூன்று நாள் கொடுங்கள், துபாயில் கோபுரத்தின் உச்சிக்கு ஏறும் பணத்தை மிச்சப்படுத்தி, மாலையில் அப்ராவில் நாலைந்து முறை கழியைக் கடந்துவிட்டு வாருங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்வது வேறு. இரண்டு ஊரிலும் வேலை கிடைத்தால், சம்பளத்தையும் வாடகையையும் ஒப்பிட்டுக் கூட்டிக் கழித்த பிறகு, இரவு எட்டு மணிக்குக் காரில்லாமல் கீழே இறங்கினால் எங்கே நடந்து போக முடியும் என்றும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு இன்றைக்கு துபாயின் பழைய பகுதிகளில்தான் நல்ல விடை கிடைக்கிறது. இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதை அந்தத் தெருக்களில் இருக்கும் வாடகைதாரர்கள் முடிவுசெய்யப் போவதில்லை.