பந்து வாங்கிக் குடுத்தா போதுமா? ரஹீம் சாரும் கல்வராயன் மலைப் பசங்களும்

1/ போன மாசம் கல்வராயன் மலையில, வெள்ளிமலை பக்கம் ஒரு மருத்துவ முகாம். பதினாலு வயசுப் பையன் ஒருத்தன் நொண்டிக்கிட்டே வந்தான். வலது கணுக்கால் நல்லா வீங்கியிருந்தது.
"எப்படிப்பா ஆச்சு?"
"ஃபுட்பால் சார்."
"இதுக்கு முன்னாடி சுளுக்கியிருக்கா?"
"இது மூணாவது தடவை சார்."

2/ ஒரு தடவை சுளுக்கின கணுக்கால் சரியா ஆறலைன்னா மறுபடியும் சுளுக்கும். ஓய்வு குடுத்து, ஒத்தக் கால்ல நின்னு பேலன்ஸ் பண்ற பயிற்சி எல்லாம் செஞ்சு, அதுக்கப்புறம்தான் ஆட்டத்துல இறக்கணும்.
"யாருப்பா உன்னை அதுக்குள்ள ஆடச் சொன்னது?"
"யாரும் சொல்லல சார். ஆள் பத்தலை, நானே இறங்கிட்டேன்."
"உங்க கோச்?"
"ஒரு அண்ணன் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாரு. இப்ப திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாரு."

3/ அந்த "போயிட்டாரு"தான் இந்த நீண்ட பதிவுக்குக் காரணம். நம்ம ஊர்ல விளையாட்டுக்கு உதவின்னா உடனே பந்து, ஜெர்சி, ஷூ, கோப்பை. போட்டோ எடுத்துட்டு இறங்கி வந்துடுவோம். சொல்லிக் குடுக்கிற ஆளுக்குச் சம்பளம் யார் தருவான்னு யாரும் கேக்கறதில்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துல மருந்தை நிரப்பி வச்சுட்டு டாக்டர் போஸ்ட்டைக் காலியா விட்ட மாதிரி இது.

4/ ஒரு கோச் எவ்வளவு செய்ய முடியும்? இந்தியாவுலயே பெரிய உதாரணம் சையத் அப்துல் ரஹீம். 2024ல வந்த 'மைதான்' படத்துல அஜய் தேவ்கன் நடிச்சாரே, அவர்தான். 1909ல ஹைதராபாத்ல பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார். வெளிநாட்டுப் பெரிய கிளப்ல ஆடி வந்த நட்சத்திரம் கிடையாது.

5/ 1943ல ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குக் கோச் ஆனார். 1963ல இறக்கும் வரைக்கும் அந்த அணியை விடல. இருபது வருஷம், ஒரே ஊர், ஒரே அணி. 1950ல இருந்து 1954 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு வருஷம் அந்த போலீஸ் அணிதான் ரோவர்ஸ் கோப்பையை ஜெயிச்சுது.

6/ அவர் பயிற்சியில ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பலமில்லாத காலால மட்டும்தான் உதைக்கணும்னு தனியா போட்டி நடத்துவாராம். வலது கால் ஆளுக்கு இடது கால் பழகணும், அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் பணம் வேண்டாம். தினமும் மைதானத்துக்கு வந்து, எந்தப் பையனுக்கு என்ன குறைன்னு பார்க்கிற ஒரு ஆள் வேணும்.

7/ 1950ல இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951 டெல்லி ஆசிய விளையாட்டுல இறுதி ஆட்டத்துல ஈரானை 1-0ன்னு ஜெயிச்சு தங்கம். ஆனா அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல யூகோஸ்லாவியாகிட்ட 1-10ன்னு தோல்வி. ஆமாங்க, பத்து கோல். நம்மாளுங்க நிறைய பேர் வெறுங்காலோட ஆடினாங்க.

8/ இன்னைக்கா இருந்தா அன்னைக்கு ராத்திரியே கோச்சை மாத்தியிருப்பாங்க. ரஹீமை மாத்தல. பூட்ஸ் கட்டாயம் ஆச்சு, ஆடுற முறை மாறுச்சு. நாலு வருஷம் கழிச்சு 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ். ஆஸ்திரேலியாவை 4-2ன்னு ஜெயிச்சு, நெவில் டிசூசா ஹாட்ரிக் அடிச்சு, இந்தியா நாலாவது இடம். ஒலிம்பிக் ஃபுட்பால்ல நாம தொட்ட உச்சம் இன்னைக்கு வரைக்கும் அதுதான்.

9/ அந்தப் பத்து கோலுக்கும் இந்த நாலாவது இடத்துக்கும் நடுவுல இருந்தது நாலு வருஷ அவகாசம். ஒரு கோச்சுக்கு நாம தர வேண்டிய முதல் சம்பளம் அதுதான்னு நான் நினைக்கிறேன்.

10/ அப்புறம் 1962 ஜகார்த்தா. முதல் ஆட்டத்துல தென்கொரியாகிட்ட 0-2 தோல்வி. தாய்லாந்து ஆட்டத்துல டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில அடிபட்டு தையல். ரஹீம் அவரை அரையிறுதியிலயும் இறுதியிலயும் ஃபார்வர்டா இறக்கினார். செப்டம்பர் 4, இறுதி ஆட்டம், மறுபடியும் அதே தென்கொரியா. சுமார் ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் நமக்கு எதிரா கத்தின கூட்டம். பி.கே.பானர்ஜி ஒண்ணு, ஜர்னைல் சிங் ஒண்ணு. 2-1, தங்கம். கோல் கீப்பர் நம்ம பீட்டர் தங்கராஜ்.

11/ இங்க டாக்டரா ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். தலையில அடிபட்ட ஆட்டக்காரரை அப்படி இறக்க இன்னைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூளை அதிர்ச்சி இருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே வெளியே உட்கார வைக்கணும். ரஹீமோட எல்லா முடிவையும் கும்பிட வேண்டியதில்ல. அந்தக் காலத்து அறிவு அவ்வளவுதான். ஆனா முடிவெடுக்க ஒரு ஆள் இருந்தார். எங்க மலைப் பையனுக்கு "இன்னைக்கு வேண்டாம், உட்காரு"ன்னு சொல்லக்கூட ஆள் இல்ல.

12/ ஜகார்த்தா வெற்றிக்கு அப்புறம் ஒன்பது மாசம்தான். 1963 ஜூன் 11, நுரையீரல் புற்றுநோயில ரஹீம் இறந்துட்டார். வயசு 53. (மூணு வாரத்துக்கு மேல இருமல், சளியில ரத்தம், காரணமில்லாம எடை குறையுதுன்னா தள்ளிப் போடாதீங்க. பீடி, சிகரெட் பழக்கம் இருக்கவங்க இதை ரெண்டு தடவை படிங்க.)

13/ அதுக்கப்புறம் ஆசிய விளையாட்டு ஃபுட்பால்ல இந்தியாவுக்குத் தங்கமே இல்ல. 1970ல கிடைச்ச வெண்கலம்தான் கடைசிப் பதக்கம். காரணம் ஒண்ணு மட்டும் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா ஒரே ஆளை நம்பி நின்ன ஒரு அமைப்பு, அந்த ஆள் போனதும் என்ன ஆகும்னு இது காட்டுது. வெள்ளிமலையில திருப்பூர் பஸ் ஏறின அண்ணன் கதையும் சின்ன அளவுல அதேதான்.

14/ இதுல ஆறுதலான பக்கமும் இருக்கு. நல்ல கோச் ஆட்டக்காரர்களை மட்டும் உருவாக்கறதில்ல, அடுத்த கோச்சுகளையும் உருவாக்குறார். பி.கே.பானர்ஜி பின்னாடி பெரிய பயிற்சியாளர் ஆனார். நம்ம தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தர்ராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல பெருவுக்கு எதிரா கோல் அடிச்சார். ஒலிம்பிக்ஸ்ல இந்திய ஆண்கள் அணி அடிச்ச கடைசி கோல் அதுதான். அவர்தான் 1973ல கேரளாவுக்கு முதல் சந்தோஷ் டிராஃபி வாங்கிக் குடுத்த கோச். இந்த ரெண்டு பேரும் ரஹீம் கீழ ஆடினவங்க.

15/ சரி, கல்வராயன் மலைக்கு என்ன பண்ணலாம்? நான் ரஹீமைத் தேடச் சொல்லல. ரஹீம் வாத்தியார்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் வழி இருக்கு. மலையில உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கு. அங்க ஆர்வமுள்ள ஒரு உடற்கல்வி ஆசிரியரையோ, நல்லா ஆடுற உள்ளூர் இளைஞரையோ பிடிங்க. பயிற்சியாளர் படிப்பு 'டி' லைசென்ஸ்ல ஆரம்பிச்சு சி, பி, ஏ, ப்ரோன்னு மேல போகுது. முதல் ரெண்டு படியை ஏற உதவி பண்ணுங்க.

16/ அப்புறம் முக்கியமானது: மாசச் சம்பளம், அதுவும் குறைஞ்சது அஞ்சு வருஷத்துக்கு. நடுவுல டிரான்ஸ்ஃபர் வேண்டாம். முதல் வருஷம் தோத்தா "என்ன சார் உங்க டீம்"னு கேக்க வேண்டாம். கூடவே முதலுதவிப் பயிற்சி. அதை இலவசமா சொல்லிக் குடுக்க நான் வரேன். என்னை மாதிரி டாக்டர்கள் நிறைய பேர் வருவாங்க.

17/ "மலையில ரோடே சரியில்ல, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர்றோம், இதுல ஃபுட்பால் ஒரு கேடா?"ன்னு கமெண்ட் வரும். நியாயமான கோபம். ரோடும் வேணும், ஆஸ்பத்திரியும் வேணும். ஒண்ணைக் கேட்டா இன்னொண்ணு வேண்டாம்னு அர்த்தமில்ல.

18/ 2024 ஜூன்ல கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிரைக் கொண்டு போனதை இந்த மாவட்டத்துல யாரும் மறக்க முடியாது. ஃபுட்பால் சாராயத்தை ஒழிச்சிடும்னு நான் சொல்லல, அப்படி எந்த மருந்தும் கிடையாது. ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு பையன் வரலைன்னா "ஏன் வரல?"ன்னு வீடு தேடிப் போய்க் கேக்கிற பெரியவர் ஒருத்தர் அவன் வாழ்க்கையில இருக்கணும். நல்ல கோச் அதைச் செய்வார்.

19/ அந்தப் பையனுக்குக் கட்டுப் போட்டு, பயிற்சி சொல்லிக் குடுத்து, ஆறு வாரம் ஆடக்கூடாதுன்னு சொல்லி அனுப்பினேன். "சரி சார்"ன்னான். கேப்பான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. அடுத்த நாளே இறங்கியிருப்பான்.

20/ அதனால அடுத்த தடவை மலைக்குப் பந்து வாங்கிக் குடுக்கலாம்னு யாராவது சொன்னா, நல்ல மனசுக்கு நன்றி சொல்லுங்க. கூடவே "சொல்லிக் குடுக்கிறவருக்கு மாசம் எவ்வளவு தரப் போறோம்?"னு கேளுங்க. திருப்பூர் போன அந்த அண்ணன் நம்பரை நான் வாங்கி வச்சிருக்கேன். சம்பளம் கிடைச்சா திரும்பி வர்றேன்னு சொல்லியிருக்கார்.