போத்தலைக் கையில் கொடுத்தது யார்?

கிளினிக்குக்குப் போனால் முதல் பேச்சே ஏச்சுதான். "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டுந்தான்னு எத்தனை தரம் சொல்றது? ஏன் போத்தல் குடுத்தீங்க?" என்று மிட்வைஃப் மிஸ் கேட்பார். கேட்கட்டும், அது அவர் கடமை. அதே கேள்வியைத் தேயிலை மலைக்கு வந்து தோட்டத்துத் துரையிடம் யாராவது கேட்டதுண்டா?

எனக்குக் கிடைத்த பிரசவ லீவு 84 நாள். ஞாயிறும் போயாவும் அதற்குள்ளேயே அடக்கம். பதுளைக் கச்சேரியில் அரசாங்க வேலை செய்கிற தாய்க்கும் 84 நாள்தான், ஆனால் அவருக்கு வேலைநாள் மட்டுமே கணக்கு. மூன்றாவது பிள்ளை பெற்ற தோட்டத்துத் தாய்க்கு 2018 வரை 42 நாள்தான். ஆறு மாதம் கொடு என்கிறது கிளினிக்; மூன்று மாதம் முடியுமுன் கூடையை மாட்டு என்கிறது தோட்டம்!

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இலங்கையில் 1939 முதல் இருக்கிறது. ஒரு வயதாகாத பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலைநேரத்தில் இரண்டு தரம் விட வேண்டுமாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. நான் நின்ற மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கவே அந்த அரை மணி போய்விடும். அப்புறம் எப்போது கொடுப்பது, எப்போது ஏறுவது? பின்னேரம் தராசில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். கங்காணியிடம் கேட்டேன். "ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா? போறதுன்னா போ, பேரு விழாது" என்றார்.

பத்து மணிக்கெல்லாம் மார் கல்லாய்க் கட்டிவிடும். சட்டை நனைந்து இடுப்பில் கட்டிய படங்கு வரை ஈரம். கூடையை இறக்கிவிட்டு, தேயிலைக்குப் பின்னால் குந்தி, பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டேன். கீழே என் பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை சப்பினால்தானே பால் ஊறும்? வற்றிப்போனது.

பக்கத்துக் காம்பரா மதினி தன் பிள்ளையோடு என் பிள்ளைக்கும் கொடுத்தாள். அவள் லீவும் முடிந்தது. இப்படி அடுத்தவர் பிள்ளைக்கும் பால் கிடைக்க, மும்பை சயன் ஆஸ்பத்திரியில் 1989லேயே தாய்ப்பால் வங்கி திறந்துவிட்டார்கள். கொடுக்க மனமுள்ள தாய்மார் எங்கள் லயத்திலும் இருக்கிறார்கள். மண்ணில் கொட்டுவதை ஏந்தி வைக்க எங்கள் பிள்ளைக்காம்பராவில் ஒரு பிரிட்ஜ்கூடக் கிடையாது.

மிஞ்சியது பால்மாதான். அது 2022. நாள் சம்பளம் 1000 ரூபா. மார்ச்சில் பெரியவர்கள் குடிக்கும் 400 கிராம் பால்மாவே 790 ரூபா. பச்சைப்பிள்ளை மாவை விலை கேட்கவே பயம். கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைத்தேன். பீலித் தண்ணீர், விறகு நனைந்த நாளில் சரியாகக் கொதிக்கவும் இல்லை. பிள்ளைக்கு வயிற்றோட்டம். பதுளை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே வார்டிலும், "போத்தலா குடுத்தீங்க?"

ஆமாம், கொடுத்தேன். பால்மா விளம்பரத்தைத் தடுக்க 1983 முதல் இந்த நாட்டில் ஒழுக்கக்கோவை இருக்கிறது. நல்லதுதான். ஆனால் நான் விளம்பரம் பார்த்துப் போத்தல் வாங்கவில்லை. பேர் விழவேண்டுமே என்று வாங்கினேன்.

இனி ஏசுகிறவர்கள் என்னை விட்டுவிட்டுத் தராசடிக்கு வாருங்கள். பால் கொடுக்கப் போனவளுக்கு என்ன பேர் விழுந்தது என்று சம்பளம் பதியும் செக்ரோலைத் திறந்து பாருங்கள். அந்த நேரத்துக்கான கொழுந்தைக் கழித்து முழுப் பேர் போடச் சொல்லுங்கள். மலைக்குப் பக்கத்தில் பிள்ளைக்காம்பரா கட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் நான் போத்தல் கொடுத்தால், வந்து ஏசுங்கள்.