தரகும் கூலியும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். 'வீட்டை விற்றுப் பார்' என்று ஏனோ அவர்கள் சொல்லவில்லை. விற்க நேர்ந்தவரின் மனக்கஷ்டத்தை எண்ணி வாளாவிருந்து விட்டார்கள் போலும்!

அமெரிக்காவிலோ அது சர்வ சாதாரணம். உத்தியோகம் ஊர் மாறினால் வீடும் கை மாறுகிறது. அங்கே குடியேறியுள்ள நம்மவர்களும் இதற்கு விலக்கல்ல. ஆகவே அந்நாட்டில் வீடு விற்கும் விதத்தைப் பற்றி நேயர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

அங்கே தரகு நெடுங்காலமாக நூற்றுக்கு ஐந்து, ஆறு என்ற கணக்கில் நடந்து வந்திருக்கிறது. விற்பவர் கொடுக்கும் இத்தொகையை அவருடைய தரகரும் வாங்குபவரின் தரகரும் பங்கிட்டுக் கொள்வது வழக்கம். நூற்றுக்கு ஆறு என்றால், நான்கு லட்சம் டாலர் வீட்டுக்குத் தரகு 24,000 டாலர். எட்டு லட்சம் டாலர் வீட்டுக்கு 48,000 டாலர். விலை இரட்டித்தால் தரகர் ஏறி இறங்கும் மாடிப்படிகளும் இரட்டித்து விடுமா, என்ன?

தரகரின் பலம் வாய்ச் சாமர்த்தியத்தில் மட்டும் இல்லை. வட்டாரத்துக்கு வட்டாரம் தரகர்கள் கூடி ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். 'எம்.எல்.எஸ்.' என்று அதற்குப் பெயர். அதில் ஏறிய வீடு எல்லாத் தரகர்களின் கண்ணிலும் படும். ஜில்லோ, ரெட்ஃபின் போன்ற இணையத் தளங்களிலும் வந்துவிடும். ஆனால் அங்கத்தினரான தரகர் மூலமாகவே அதில் வீட்டைச் சேர்க்க முடியும். வீட்டுக்குச் சொந்தக்காரர் நேரே போய்ச் சேர்க்க முடியாது!

இந்த மதிலிலும் ஒரு திட்டிவாசல் உண்டு. சில தரகர்கள் சில நூறு டாலர்களை ஒரே கட்டணமாகப் பெற்றுக்கொண்டு, வீட்டைப் பட்டியலில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக் கொள்கிறார்கள். விற்பவர் பக்கத்துத் தரகு நூற்றுக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால், நான்கு லட்சம் டாலர் வீட்டுக்காரருக்கு 12,000 டாலருக்குச் சற்றுக் குறைவாக மிச்சம்.

உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். தரகர் செய்துவந்த வேலையெல்லாம் இப்போது வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. அண்டை அயலில் விற்ற வீடுகளைப் பார்த்து விலையை நிர்ணயிக்க வேண்டும். சாப்பாட்டு வேளையில் வந்து நிற்பவருக்கும் இன்முகத்துடன் அறை அறையாகக் காட்ட வேண்டும். "சமையலறை இருட்டாயிருக்கிறதே!" என்று அவர் சொன்னால் கோபம் வரக்கூடாது. 1978-க்கு முன் கட்டிய வீடானால், ஈயம் கலந்த வர்ணத்தைப் பற்றித் தெரிந்ததை எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இது அந்நாட்டு மத்திய சட்டம். மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதிகளும் உண்டு. இதற்கென ஒரு வக்கீலை அமர்த்திக் கொள்வது விவேகம். பட்டியலில் ஏற்றுகிறவர் கடைசியில் வேறு தொகை ஏதும் கேட்பாரா என்பதையும் ஒப்பந்தத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாங்குபவரின் தரகர் சங்கதி என்ன? 2023 அக்டோபரில் மிஸ்ஸௌரி மாநிலத்து ஜூரிகள், தரகு வழக்கு ஒன்றில் தேசியத் தரகர் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 2024-இல் சங்கம் 41 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க இசைந்து சமரசம் செய்துகொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 17 முதல், வாங்குபவரின் தரகருக்கு இவ்வளவு என்று பொதுப் பட்டியலில் குறிப்பிடுவது நின்றது. ஆனால் விற்பவர் கொடுப்பதற்குத் தடையில்லை, கேட்பதற்கும் தடையில்லை! 'ஒரு காசு தரகில்லை' என்று மனக்கோட்டை கட்டுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

தரகரே வேண்டாம் என்பது நமது கட்சியல்ல. பட்டியலில் ஏற்றுவது ஒரு வேலை. விற்றுக் கொடுப்பது வேறு வேலை. எந்த வேலைக்கு எவ்வளவு கூலி என்பதைத் தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் முதல் வேலைக்கு மட்டும் கூலி கொடுக்கட்டும். மற்றவர்கள் தரகரை முழுமையாகவே அமர்த்தட்டும். ஆனால் தரகைப் பேசி முடித்துவிட்டு அமர்த்தட்டும். கால் கிலோ கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற நாம், ஆயுட்காலச் சேமிப்பான வீட்டை விற்கும்போது மட்டும் வாய்மூடி மௌனியாவானேன்?