உடற்பயிற்சியாளர் முதலில் கேட்க வேண்டியது

மூணாறிலிருந்து சின்னக்கானல் வழியாகச் சூரியநெல்லியை அடையும் பயணிகளுள் பலர் அங்கே நெடுநேரம் நிற்பதில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கொழுக்குமலைக்குச் சென்று, சூரிய உதயம் கண்டு திரும்பிவிடுகின்றனர். அவர்களுள் சிலரது மணிக்கட்டில் நடந்த அடிகளைக் கணக்கிடும் கடிகாரம் இருக்கும். சற்று நேரத்தில், அதே மலையின் தேயிலைச் சரிவுகளில் கொழுந்தெடுக்கும் பெண்கள் வேலைக்கு இறங்குகின்றனர். அவர்கள் நடக்கும் அடிகளை எண்ணுவார் இல்லை. அவர்களது கணக்கு கிலோவில் எழுதப்படுகிறது.

இவ்விரு சாராரும் ஓர் உடற்பயிற்சியாளரிடம் சென்று, “உடல் நலம் பெற வேண்டும்” என்று ஒரே சொற்களில் கேட்டால் அவர் என்ன செய்ய வேண்டும்? இருவர் கையிலும் ஒரே அட்டவணையைக் கொடுப்பாரானால், அவரிடம் கட்டணம் செலுத்துவது வீண் என்பதே நம் கருத்து.

வங்கிப் பணியில் உள்ளோருக்கு இது எளிதில் விளங்கும். கடன் கேட்டு ஒருவர் வந்தால், அவர் விரும்பும் தொகையை வைத்து மட்டும் நாம் முடிவெடுப்பதில்லை. வருவாய் என்ன, ஏற்கெனவே செலுத்தி வரும் தவணைகள் எவை, மாத இறுதியில் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்க்கிறோம். நல்ல பயிற்சியாளரும் அவ்வாறே தொடங்குவார். என்ன வேலை, எத்தனை மணி நேர உறக்கம், எந்த மூட்டில் வலி, உட்கொள்ளும் மருந்துகள் எவை என்பனவற்றை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்வார். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை அளவு சட்டென்று இறங்கக்கூடும். இதைக் கேட்டறியாமல் ஓடச் சொல்பவரிடம் நம் உடலை ஒப்படைக்கலாகாது. பின்னர் எளிய சோதனைகள் உண்டு. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்பது அவற்றுள் ஒன்று. அந்த எண்ணே தொடக்க இருப்பு.

விராட் கோலியின் உடல் வலிமையைக் கண்டு, அவரது பயிற்சியை அப்படியே கேட்கும் இளைஞர்கள் உண்டு. அவரைப் பயிற்றுவித்தவர் நம் சென்னையைச் சேர்ந்த சங்கர் பாசு. 2015 முதல் 2019 உலகக் கோப்பை வரை இந்திய அணியின் உடல்வலிமைப் பயிற்சியாளராக இருந்தவர். கோலி தூக்கும் எடையைக் கண்டு நாமும் தூக்க முற்படுவது, அண்டை வீட்டாரின் சம்பளத்தைக் கொண்டு நம் வீட்டுக் கடனைக் கணக்கிடுவது போன்றது.

எடையை எப்படி ஏற்றுவது என்பதற்குப் பழைய பாடம் ஒன்று உள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், முழங்கால் காயமுற்ற படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம், ஒருவர் பத்து முறை தூக்கக்கூடிய எடை எது என்று முதலில் அளந்தார். அதிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றினார். இன்றைய பயிற்சிக் கூடங்களின் அடிப்படை முறையும் ஏறத்தாழ அதுவே. “இரண்டே மாதத்தில் பத்துக் கிலோ குறைப்போம்” என்னும் விளம்பரப் பலகையில் இந்த அளவெடுப்புக்கு இடமில்லை. எடை எவ்வளவு குறையும் என்பது நம் கட்டுப்பாட்டில் முழுவதும் இல்லை. வாரத்தில் எத்தனை நாள் சென்றோம் என்பது இருக்கிறது. ஆகவே இலக்கை வருகைப் பதிவேட்டில் வைக்கும் பயிற்சியாளரையே நாம் நம்புவோம்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். நாமும் ஒரு ஜனவரியில் ஓராண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் செலுத்தினோம். முன்பணம் கட்டினால் போகாமல் இருக்க மாட்டோம் என்று நினைத்தோம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்தது. அதன்பின் சென்றது ஆறோ ஏழோ நாள். வணிகவியல் படித்த நமக்கே இப்படி! இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்னும் இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றுண்டு. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டணம் செலுத்திய உறுப்பினர்கள் மாதத்துக்குச் சராசரியாக நான்கு முறை சொச்சமே சென்றனர். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். ஆதலால் ஓராண்டுத் தள்ளுபடியைக் காட்டி அவசரப்படுத்துவோரிடம், முதல் மூன்று மாதங்களுக்கு மாதக் கட்டணமே போதும் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

மேசையின் முன் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் நம்மைப் போன்றோருக்குக் கூட்ட வேண்டியது அசைவு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம், குறைந்தது இரு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். சூரியநெல்லியின் தொழிலாளிக்கோ நிமிடக் கணக்கு எப்போதோ நிறைந்துவிட்டது. ஆயினும் அவருக்கு முழங்கால் வலியும் இடுப்பு வலியும் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. வேலையில் உழைக்கும் உடல், விருப்பத்துடன் பயிலும் உடல் பெறும் நன்மையைப் பெறுவதில்லை என்று டென்மார்க்கின் ஆய்வாளர் ஆண்டிரியாஸ் ஹோல்டர்மன் முதலானோர் எழுதி வருகின்றனர். மணிக்கணக்கில் ஒரே அசைவு, சுமை, உடல் மீளப் போதிய ஓய்வின்மை ஆகியவற்றை அவர்கள் காரணங்களாகக் காட்டுகின்றனர்.

அவருக்கு நடைப்பயிற்சியைப் பரிந்துரைப்பது கேலியாகவே முடியும். தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் சில அசைவுகள், நாளெல்லாம் முன்குனிந்த முதுகை நிமிர்த்தும் ஒன்றிரண்டு, சுமையைத் தோள் மாற்றிச் சுமக்கும் பழக்கம், இவற்றோடு ஓய்வு: இவையே அவருக்கு உரியவை. ஆனால் பயிற்சியாளர்கள் நகரங்களில் இருக்கின்றனர்; உடல்நலம் என்னும் பண்டம் அமர்ந்திருப்போருக்கென்றே விற்கப்படுகிறது. என்றேனும் ஒருவர் அந்த லயங்களுக்குச் சென்று, “வேலை முடிந்து வந்தபின் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது?” என்று கேட்பாரானால், தண்ணீர், சமையல், பிள்ளைகள், மறுநாள் காலை உணவு என்று விடை நீளும். அவையெல்லாம் போக மிஞ்சும் பத்து நிமிடத்திலோ ஐந்து நிமிடத்திலோதான் அவர் தம் பயிற்சியைத் தொடங்க வேண்டியிருக்கும்.