குருதிக்கும் குற்றப் பட்டியலா?

தோழரே! கொலைகாரனைப் பிடிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பிடிக்கட்டும், கூண்டிலேற்றட்டும், சட்டப்படி தண்டிக்கட்டும். ஆனால் அவனைப் பிடிப்பதற்காக, அவனுடைய உற்றார் உறவினர் அத்தனை பேரின் உடற்கூற்றையும் காவல் நிலைய மேசையில் விரித்து வைக்கலாமா? கேள்வி அதுதான்.

கலிபோர்னியாவில் 1970களிலும் 1980களிலும் பதின்மூவரைக் கொன்றவன் 2018இல் அகப்பட்டான். எப்படி? தம் மூதாதையர் யாரென அறியும் ஆவலில் பலர் தம் மரபணு விவரங்களைத் தரவகம் ஒன்றில் சேர்த்திருந்தனர். பழைய தடயத்தை அதனோடு ஒப்பிட்டது காவல்துறை. தூரத்து உறவினர் தென்பட்டனர். அவர்களின் வம்சக் கொடியைப் பிடித்தே அவனை எட்டினர். திறமைதான், மறுக்கவில்லை! ஆயினும், எச்சிலைத் தந்தவர் ஒருவர். வலைக்குள் வந்ததோ வம்சம் முழுதும். அண்ணன் தந்த இசைவு தம்பியைக் கட்டலாமா? பிறவாத பேரனையும் பிணைக்கலாமா?

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பீரோ? ஸ்ரீமுஷ்ணத்துத் தோழரே, உமது கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரத்தை மறந்தீரா? 1993இல், திருட்டுச் சந்தேகம் என்று குறவர் ஒருவரைத் தேடிய காவலர், அவர் மனைவி மக்களையும் உறவினரையும் இழுத்துச் சென்று வதைத்தனர். அவரோ காவலிலேயே அடிபட்டு மாண்டார். உறவைப் பிடித்து ஆளைத் தேடும் வித்தைக்கு அன்று தடியே போதுமானதாக இருந்தது. தடி ஏந்திய கையில் மரபணு ஏடும் சேர்ந்தால்?

பிறப்பையே குற்றமாக்கியது 1871இல் வெள்ளையன் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம். கைரேகை தர மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920இல் குண்டுகள் பாய்ந்தன. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. பட்டியல் போயிற்று, பார்வை போயிற்றா?

2022இல் டில்லி இயற்றிய அடையாளம் காணல் சட்டம், கைதாவோர் பலரின் உயிரியல் மாதிரிகளை எடுக்க வழிசெய்கிறது. விவரங்களை 75 ஆண்டுகள் காக்கச் சொல்கிறது. மரபணுத் தரவகங்களை முறைப்படுத்துவதற்கென வந்த மசோதாவோ 2023இல் திரும்பப் பெறப்பட்டது. அள்ளுவதற்கு அதிகாரம் உண்டு. உறவினரைக் காக்க வேலி எங்கே? அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக உரைத்தது ஏட்டளவில்தானா? எளிதில் கைதாகிறவன் மாளிகைவாசியா, குடிசைவாசியா? அந்த ஏட்டில் நிறையப்போவது யாருடைய குருதி?

நாம் கேட்பவை மூன்று. நீதிமன்ற ஆணையின்றி உறவுவழித் தேடல் கூடாது. கொலை, பாலியல் வன்கொடுமை தவிர வேறெதற்கும் கூடாது. குற்றமற்றவர் எனத் தெளிந்த அன்றே மாதிரி அழிக்கப்பட வேண்டும்.

பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்கியவர்கள் நாம். பிறப்பால் சந்தேகம் என்பதை மட்டும் பொறுப்போமா? தெருமுனைதோறும் கேளுங்கள், தோழர்களே!